சாமான் இறக்கியாச்சு, இனி என்ன? யாழ்ப்பாணத்தில் வீடு மாறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலிகாமமோ வடமராட்சியோ தென்மராட்சியோ தீவகமோ, வீடு மாறுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைப் போட்டிருக்கிறோம். பெட்டி பிரிப்பதைவிடத் தண்ணீரைப் பற்றி இங்கே கூடுதலாக இருக்கும். அலுமாரிக்குள் உடுப்பு ஒரு கிழமை பிந்தி ஏறினால் ஒன்றும் ஆகாது. கிணறும் மோட்டரும் சரியில்லாவிட்டால் முதல் நாளே வீட்டில் இருக்கமுடியாது.

சாமான் எல்லாம் விறாந்தையில குவிஞ்சு கிடக்கு. எந்தப் பெட்டியை முதல் உடைக்கிறது?

அன்று பொழுதுபடுவதற்குள் நாலு காரியம் முடிந்தால் போதும்: படுக்க இடம், கழிப்பறைக்குத் தண்ணீர், ஒரு அடுப்பு, வெளிச்சம். முதலில் கட்டிலைப் பூட்டுங்கள். கட்டில் ஆணிகளைக் கழற்றும்போதே ஒரு பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டியிருக்கவேண்டும். அவை தனியாக எங்கோ போய்விட்டால் எல்லாரும் நிலத்தில்தான் படுக்கவேண்டும். அது ஏன் கூடாது என்பது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

லொறியில் ஏற்றாமல் கையோடு கொண்டுவரவேண்டிய பை ஒன்று உண்டு: ரோச், நுளம்பு வலை, பெட்சீற், துவாய், சவர்க்காரம், வாளியும் கோப்பையும், கேத்தில், ஒரு சட்டி, கத்தி, தேயிலை, சீனி, நெருப்புப்பெட்டி, ஸ்குறூ டிரைவர், தினமும் போடும் மருந்து. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை எல்லாம் வீட்டில் ஒருவரின் கையை விட்டுப் போகக்கூடாது.

மற்றப் பெட்டிகளை ஒரே அறையில், பலகையோ கல்லோ வைத்து நிலத்தில் படாமல், சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, எழுத்து வெளியே தெரியும்படி அடுக்குங்கள். பிறகு குசினி, குளியலறை, உடுப்பு, புத்தகம் என்று போகலாம். கண்ணாடி அலுமாரிப் பொம்மைகள் கடைசி. வருகிற சனம் பார்க்கும் என்று பலர் அதைத்தான் முதலில் அடுக்குகிறார்கள், இரவு சோற்றுப் பானையைத் தேடித் திரிகிறார்கள்.

குடிபூரலுக்கு நாள் பிந்தித்தான் வருது. அதுக்கு முதல் சாமானைக் கொண்டுபோய் வைக்கலாமோ?

இது குடும்ப வழக்கம். பலர் பெட்டிகளை ஒரு அறையில் இறக்கி வைப்பார்கள். அடுப்பு மூட்டுவதையும் படுப்பதையும் மட்டும் பால் காய்ச்சிய பிறகு தொடங்குவார்கள். ஆடியும் மார்கழியும் பொதுவாகத் தவிர்க்கப்படும். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கமும் புழங்குவதால் முகூர்த்த நேரம் ஒன்றுக்கொன்று மாறி வரலாம். ஐயரிடம் ஒருதரம் கேட்டு, வீட்டில் வழமையாகப் பார்க்கும் பஞ்சாங்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்க்கத் தொடங்கினால் நாளே அமையாது.

அன்றைக்கு வேண்டியவற்றைத் தனிக் கடகத்தில் எடுத்துவையுங்கள்: சாமிப்படம், குத்துவிளக்கு, நிறைகுடத்துக்குச் செம்பு, உப்பு, அரிசி, மஞ்சள், புதுப்பானை, பால். ஒரு எச்சரிக்கை: மாபிள் தரையில் நேரடியாக நெருப்பு மூட்டினால் மாபிள் வெடிக்கும். கீழே செங்கல் பரப்பி, அதன் மேல் இரண்டு மூன்று அங்குலம் மணல் போட்டு, அதற்கு மேல் அடுப்பையோ ஓமகுண்டத்தையோ வையுங்கள்.

கன காலம் ஆக்கள் இருக்காத வீடு. உள்ளுக்குப் போக முதல் என்ன பாக்கவேணும்?

தேளும் பாம்பும். யாழ்ப்பாணத்தில் செந்தேள் ஒன்று இருக்கிறது (ஹொட்டென்டொட்டா டமுலஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர்). மற்றத் தேள் கொட்டினால் வலியோடு போகும். இது இதயத்தையே தாக்கக்கூடியது, சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்து. கல் இடுக்கு, விறகு, ஓட்டுக் குவியல், நிலத்தில் கிடக்கும் துணி, சப்பாத்து ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பாம்பில் எட்டடி விரியனை (கட்டுவிரியனை) பற்றித் தெரிந்திருங்கள். இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடி வலிக்காமலே போகலாம். அதனால்தான் கட்டிலும், மெத்தைக்குக் கீழே செருகிய நுளம்பு வலையும் முதல் நாளே வேண்டும்.

சாமான் வர ஒரு நாள் முந்திப் போய்க் கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, நீளத் தும்புத்தடியால் மூலைகளையும் கூரையையும் தட்டிக் கூட்டுங்கள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள், தண்ணீர் போகும் துவாரங்களுக்குக் கம்பி வலை போடுங்கள். யாரையாவது கொட்டினாலோ கடித்தாலோ கட்டுப்போடுவது, கீறுவது, பார்வை பார்ப்பது எதற்கும் நேரம் செலவழிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிணத்துத் தண்ணி பாக்கத் தெளிவாத்தான் இருக்கு. குடிக்கலாமோ?

தெளிவை வைத்து முடிவெடுக்கமுடியாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய இருப்பதால், மேலே ஊற்றுவது மண்ணில் வடிபடாமல் விரைவாகக் கீழே போய்விடும். ஆகவே மூன்று விதமான பிரச்சினை வரலாம்: மலகூடக் குழியில் இருந்து கிருமி, தோட்டத்து உரத்தில் இருந்தும் குழிகளில் இருந்தும் நைத்திரேற்று, கடற்கரைப் பக்கமும் தீவகமும் என்றால் உப்பு.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரத்தம் ஒட்சிசன் காவும் திறன் குறைந்து உடம்பு நீலம்பாரிக்கலாம். கரி வடிகட்டி இதை அகற்றாது. ஆர்.ஓ. வடிகட்டி அகற்றும். கைக்குழந்தை உள்ள வீடு, தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீடு என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடம் போன்ற ஒன்றில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்கவேண்டும். சோடாப் போத்தலில் கொண்டுபோனால் முடிவு பிழைக்கும். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்.

குளோரின் போடச் சொல்லுறாங்கள். எவ்வளவு போடுறது?

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று முதலில் கணக்குப் பாருங்கள். வட்டக் கிணறு என்றால் ஆரை × ஆரை × 3.14 × தண்ணீரின் ஆழம். 10 அடி விட்டம், 8 அடி தண்ணீர் என்றால் 5 × 5 × 3.14 × 8 = 628 கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர், ஆகவே ஏறக்குறைய 18,000 லீற்றர். சதுரக் கிணறு என்றால் நீளம் × அகலம் × ஆழம்.

வழமையான தொற்றுநீக்கத்துக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வெளிற்றும் தூள் (குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர்), அதாவது இந்தக் கிணற்றுக்கு 45 கிராம். இது 30 வீதமளவு குளோரின் உள்ள புதிய தூளுக்கான கணக்கு. 65 முதல் 70 வீதத் தூள் என்றால் பாதி போதும். திறந்து கிடந்த பழைய தூளில் சக்தி இராது.

தூளை நேரே கிணற்றில் கொட்டவேண்டாம். வாளியில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குக் கீழே இறக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். இரவில் போட்டுவிட்டு விடிய எடுப்பது வசதி, குறைந்தது ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு, ஏதாவது செத்துக் கிடந்த கிணறு என்றால் இந்த அளவு காணாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

கிணத்தை ஒட்ட இறைச்சுத் துப்பரவாக்கினால் இன்னும் நல்லதுதானே?

செம்மண் பக்கம், கடலுக்குத் தூரம் என்றால் இறைக்கலாம். கடற்கரையை அண்டிய கிணறும் தீவகத்துக் கிணறும் வேறு கதை. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கிறது. மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பின் எல்லை பல அடி மேலே ஏறும். ஒரேயடியாக இறைத்தால் கிணறு உவராகி, அடுத்த மாரி மழை வரைக்கும்கூடத் திரும்பாமல் இருக்கலாம். அங்கே குப்பையை வலையால் அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஊறவிட்டு, திரும்ப இறையுங்கள்.

எந்தக் கிணறாக இருந்தாலும் மண்ணெண்ணெய் மோட்டரையோ பெற்றோல் மோட்டரையோ கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவேண்டாம். புகையில் வரும் காபனோரொட்சைட்டு உள்ளே தேங்கி இறங்கினவரைக் கொல்லும், காப்பாற்ற இறங்குகிறவரையும் கொல்லும்.

மோட்டர் சத்தம் போட்டு ஓடுது, தாங்கிக்குத் தண்ணி ஏறேல்ல. மோட்டர் பழுதோ?

அநேகமாக இல்லை. கன நாள் ஓடாத வீட்டில் உறிஞ்சு குழாய் வறண்டிருக்கும். உடனே நிறுத்துங்கள், வறட்சியாக ஓடினால் சீல் எரியும். மோட்டரின் மேல் மூடியைத் திறந்து வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே இறங்கினால், குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் புற்வால்வு மூடவில்லை. அதில் ஒரு இலையோ கல்லோ சிக்கியிருக்கும், எடுத்துக் கழுவினால் சரி. நிரம்பி நின்றும் ஏறாவிட்டால் குழாய் மூட்டில் காற்று இழுக்கிறது.

இரண்டும் சரி என்றால் ஆழத்தைப் பாருங்கள். மேலே வைத்த மோட்டர் நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடிக்குக் கீழே இருந்து உறிஞ்சாது. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் மட்டம் இறங்கும்போது மாசியில் நன்றாக ஓடிய மோட்டரும் திணறும். பெரிய மோட்டர் வாங்கினாலும் இது மாறாது. மின்மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கவேண்டும், அல்லது நீரில் மூழ்கும் மோட்டர் போடவேண்டும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதல் தாங்கியைக் குடிக்காமல் திறந்துவிடுங்கள். புது வீட்டுக் குழாயில் சீமெந்துத் தூளும் பி.வி.சி. சீவலும் இருக்கும், சவரை அடைப்பது அதுதான்.

பிரிட்ஜை எப்ப போடலாம்?

நிமிர்ந்தபடி வந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுப் போடுங்கள். பட்டா லொறியிலோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ படுக்கவைத்து வந்தால் ஒரு இரவு நிமிர்த்தி வைத்திருங்கள். கொம்பிறசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி வடியவேண்டும். பின்பக்கம் சுவருக்கு நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

வாஷிங் மெசின் துள்ளுது. தண்ணியும் வரக் கஷ்டப்படுது.

முன்பக்கம் திறக்கும் மெசின் என்றால் ஏற்றி இறக்கும்போது உள்ளே ஆடாமல் இருக்கப் பின்னால் பூட்டியிருக்கும் போக்குவரத்து ஆணிகளைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். கழற்றியவற்றை எறியவேண்டாம், அடுத்த முறை வீடு மாறும்போது வேண்டும். பிறகு நீர்மட்டக் கருவி வைத்து நாலு காலையும் திருகிச் சமப்படுத்துங்கள். தண்ணீர் வராததற்குக் காரணம் மேலே சொன்ன சீமெந்துத் தூளாக இருக்கலாம். குழாய் பூட்டும் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும், இழுத்துக் கழுவுங்கள்.

எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. சூடாக்கும்போது கல்சியம் காபனேற்றாகப் படியும். கேத்திலில் வரும் வெள்ளைப் படைக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவைத்து அரை மணித்தியாலம் விட்டால் கழன்றுவரும்.

பழைய வீட்டுப் பிளக் எல்லாம் உருண்டைப் பின். என்ர சாமான் எல்லாம் சதுரப் பின். அடப்டர் போட்டால் காணாதோ?

போன் சார்ஜருக்கும் மேசை விளக்குக்கும் காணும். கேத்திலுக்கும் அயன்பொக்ஸுக்கும் காணாது. 2,000 வாட் கேத்தில் 230 வோல்ற்றில் 8.7 அம்பியர் இழுக்கும். சின்ன உருண்டைப் பின் சொக்கெற் 5 அம்பியருக்கானது. அது சூடேறி உருகும். மேல் துவாரத்தில் பேனாவையோ ஈர்க்கையோ குத்தித் திறந்து சதுரப் பின் சொக்கெற்றுக்குள் உருண்டைப் பிளக்கைச் செருகும் பழக்கம் இன்னும் மோசம், அப்படிச் செருகினால் மண்கம்பி (எர்த்) இணைப்புக் கிடைக்காது. இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின் தேசியத் தரமாகிவிட்டதால், பணத்தைப் பிளக் மாற்றுவதில் போடாமல் சொக்கெற்றையும் வயரையும் மாற்றுவதில் போடுங்கள்.

போன அன்றே, மின் ஒழுகினால் தானே விழும் ட்றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், வயர்மனைக் கூப்பிடுங்கள்.

காஸ் சிலிண்டரைப் பூட்டினன். லேசா மணக்கிற மாதிரி இருக்கு. பரவாயில்லையோ?

பரவாயில்லை என்பதே இல்லை. சிலிண்டரை மூடுங்கள், கதவையும் யன்னலையும் திறவுங்கள், எந்தச் சுவிச்சையும் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு நிற்கும். அதனால் யன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம். மணம் போனபின் சவர்க்கார நுரையை ரெகுலேற்றரிலும் குழாயின் இரண்டு முனையிலும் பூசிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஒழுகும் இடம். நெருப்புக் குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லிட்ரோவில் இருந்து லாஃப்ஸுக்கோ மறுவளமோ மாறினால் ரெகுலேற்றரையும் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைக்கலாமோ?

புதிதாகப் பூசிய சுவர் என்றால் வேண்டாம். சீமெந்துக்குள் உள்ள ஈரம் வெளியேறப் பல மாதம் எடுக்கும். மூன்று அங்குலமாவது இடைவெளி விடாவிட்டால் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வீடு என்றால் கறையானைப் பாருங்கள்: சுவரில் மண் கோடு தெரிந்தால் அதைத் தட்டிவிடுவதால் ஒன்றும் தீராது, அது நிலத்துக்கு இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்து மருந்தடிக்கவேண்டும்.

காற்றையும் யோசியுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து புழுதியோடு வரும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து சாரலோடு வரும். புத்தக அலுமாரி இந்த இரண்டு யன்னலுக்கும் நேரே இருக்கக்கூடாது. உடுப்புக்குள் பூச்சி உருண்டை போடலாம், ஆனால் கைக்குழந்தையின் உடுப்புக்குள் நப்தலின் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும்.

வெறும் பெட்டிகளை அடுத்த முறைக்கு எண்டு வைச்சிருக்கலாமோ?

மட்டைப் பெட்டி கறையானுக்குச் சாப்பாடு, கரப்பானுக்கு வீடு, தேளுக்கு நிழல். ரீ.வி. பெட்டி ஒன்றை மட்டும் மடித்துப் பறணில் போடுங்கள். மற்றவற்றைப் பிரிக்கப் பிரிக்கத் தட்டையாக்கி வெளியேற்றுங்கள்.

ஐப்பசியிலதான் மாறவேண்டி வந்திட்டுது. என்ன கவனிக்கிறது?

எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரைதான். முதல் மழைக்குச் சாமானைப் பிரிக்காமல் ஒவ்வொரு அறையாகப் போய்க் கூரையைப் பாருங்கள். ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தைச் சோக்கால் கீழே தரையில் குறித்துவைத்து, வெயில் வந்தபின் ஓட்டை மாற்றுங்கள், ஈர ஓட்டில் ஏறவேண்டாம். பீலியில் சருகு நிற்கிறதா, மலகூடம் தண்ணீர் இழுக்கிறதா என்றும் பாருங்கள். மழை தொடங்கியபின் குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் பவுசர் கிடைப்பது கஷ்டம்.

டெங்குக் காலமும் இதுதான். முட்டையில் இருந்து நுளம்பு பறக்க ஒரு கிழமையளவு போதும். கட்டடம் முடிந்த வளவில் கிடக்கும் பெயின்ற் வாளி, சிரட்டை, ரயர், தாங்கி மூடி எல்லாவற்றையும் தேடுங்கள். எறும்புக்காகச் சாப்பாட்டு அலுமாரிக் கால்களுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை யாரும் நினைப்பதில்லை. அதில் உப்பைப் போடுங்கள், அல்லது கிழமைக்கு ஒருதரம் ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், ஊற்றினால் மட்டும் போகாது.

கரண்ட் பில் பழைய ஆளின்ர பேரில வருது. அப்பிடியே விடலாமோ?

வாடகை என்றால் விடலாம். ஆனால் சாவி வாங்கும் நேரமே மீற்றரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அலகு 60, 90, 120, 180 என்று படிப்படியாக விலை ஏறுவதால், முந்தின ஆள் பாவித்த நாளும் உங்கள் நாளும் ஒரே பில்லில் சேர்ந்தால் சரிபாதி பிரிப்பது நியாயமாக வராது. வாங்கிய வீடு என்றால் உறுதியின் பிரதியோடு மின்சார அலுவலகத்தில் பெயரை மாற்றுங்கள். பழைய பாக்கி இருக்கிறதா என்று பணம் கொடுக்கமுதல் கேட்கவேண்டும், பிறகு கேட்டுப் பலனில்லை.

விதானையிட்டப் பதியிறதுக்கு என்ன அவசரம்?

பிள்ளை முதலாம் தரத்துக்குப் போகவேண்டிய வீடு என்றால் அவசரம்தான். அனுமதியில் வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டு பெயர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு ஆண்டுத் திருத்தத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக்குரிய புள்ளி போய்விடும். பழைய பிரிவின் கிராம அலுவலரிடம் (விதானையிடம்) கடிதம் வாங்கிக்கொண்டு புதியவரிடம் போங்கள், பழைய இடத்தில் பெயர் நீக்கப்படுவதையும் உறுதிப்படுத்துங்கள்.

எங்கட வளவு பங்குக் கிணறு. நான் ஒரு மோட்டர் வைக்கலாமோ?

உறுதியை எடுத்து வாசியுங்கள். கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்று இருக்கிறதா, அள்ளுவதற்கு மட்டுமா, எத்தனையில் ஒரு பங்கு என்பதில்தான் பதில் இருக்கிறது. விற்றவர் வாயால் சொன்னது கணக்கில் வராது. உரிமை இருந்தாலும் மற்றப் பங்குகாரரோடு நேரம் பேசாமல் மோட்டரைப் பூட்டவேண்டாம். கோடையில் உங்கள் மோட்டர் அரை மணித்தியாலம் ஓடினால் அடுத்தவரின் புற்வால்வு காற்றை இழுக்கும், அவரின் சீல் எரியும்.

வழமையாகச் சரிவருவது இதுதான்: ஆளுக்கொரு நேரம் பிரித்து, எல்லாரும் ஒரே அளவுக் குதிரைவலு மோட்டர் வைத்து, அவரவர் 1,000 லீற்றர் தாங்கியை அந்த நேரத்துக்குள் நிரப்புவது. இறைப்பு, குளோரின், கட்டுத் திருத்தம் ஆகியவற்றின் செலவையும் அப்போதே பேசி, ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையொப்பம் வையுங்கள்.